சிசுவைக் காக்கும் சுயராஜ்யம்

ஒரு குழந்தை பிறந்து இருபத்தெட்டு நாட்கள் உயிரோடிருந்துவிட்டால், தன் ஆயுளின் மிக அபாயமான கட்டத்தை அது தாண்டிவிட்டது என்பர் வைத்தியர். அந்த இருபத்தெட்டு நாட்களுக்குள் நமது தேசத்தில் மடியும் சிசுக்களின் தொகையை நேயர்கள் அறிவார்களா? 2020-ம் வருஷத்திய இந்திய சர்க்காரின் கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 20 குழந்தைகள் அக்காலத்துக்குள் மாண்டன. ஆயிரத்துக்கு இருபது என்பது சொற்பமாகத் தோன்றலாம். வருஷந்தோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் தேசத்தில் அது நான்கு லட்சத்துக்குக் குறையாத உயிர்களாகும். ஒரு யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டிருந்தால் சட்டசபைகள் துக்கத்தால் ஒத்திவைக்கப்பட்டிருக்கும். வீதிதோறும் கூட்டங்கள் கூடியிருக்கும். மாண்டவை சிசுக்களாதலால், ஒரு சிறு குழி தோண்டப்படுகிறது; தாய் அழுகிறாள்; ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

இதை விதி என்று கூறி மனத்தைத் தேற்றிக்கொள்வோர் உண்டு. அதே 2020-ம் வருஷக் கணக்கில் கேரளத்தில் ஆயிரத்துக்கு 4, தமிழ்நாட்டில் 9, உத்தரப் பிரதேசத்தில் 28, மத்தியப் பிரதேசத்தில் 31. ஒரே கொடியின் கீழ், ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் வாழும் ஜனங்களிடையே இத்துணை வேற்றுமை. விதிக்கு ராஜ்ய எல்லைகள் தெரியுமோ? தெரியாது. எல்லை தெரிந்து நடப்பது மனிதரின் செய்கையும் மனிதரின் அசட்டையுமே. ஆகவே இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று, தேச விஷயம். பிரசவமும் சிசுவும் பெண்டிர் காரியம் என்று திண்ணையிலேயே இருந்துவிடும் ஆடவர், தாம் பேசும் தேசபக்தி எந்தத் தேசத்தைப் பற்றியது என்று சற்றே யோசிக்க வேண்டும்.

இச்சிசுக்களைக் காக்கும் வழி யாது என்பதைத் தீர்மானிப்பது ஆராய்ச்சி. அவ்வாராய்ச்சி எங்கே, யார்மீது, யாருடைய சம்மதத்தோடு நடக்கிறது, நடந்தபின் அதன் பயன் யாருக்குச் சென்று சேர்கிறது என்பதே நாம் இன்று நேயர்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி.

ஆராய்ச்சி எதற்கு, அன்புள்ள வைத்தியர் கையில் நல்ல மருந்து இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்லுகிறது. 1940-ஐ ஒட்டிய வருஷங்களில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் தாராளமாகப் பிராணவாயு அளித்து வந்தனர். மூச்சுவிடத் திணறும் குழந்தைக்குப் பிராணவாயு கொடுப்பதில் தவறு காண யாருக்குத் தோன்றும்? ஆனால் பிழைத்த குழந்தைகளில் பல குருடாயின. பாஸ்டன் நகரக் கண் வைத்தியர் டெர்ரி 1942-ம் வருஷத்தில் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். காரணம் தெளிவாவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் பார்வையிழந்தன. 1953-ம் வருஷத்தில் பதினெட்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றுகூடி, சில குழந்தைகளுக்கு அதிகமாகவும் சிலவற்றுக்கு அளவாகவும் பிராணவாயு அளித்து, இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, கருணையோடு அளிக்கப்பட்ட அந்த வாயுவே கண்ணைப் பறித்தது என்பது நிச்சயமாயிற்று. கருணை மட்டும் போதாது. கருணைக்குக் கணக்கும் வேண்டும் என்பதே அதன் பாடம். யார் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் திருவுளச் சீட்டுப்போல் தற்செயலுக்கு விட்டு, இரு சாராரின் கதியையும் நேர்மையாக எண்ணிப் பார்க்கும் இம்முறையைக் காட்டிலும் நம்பத்தக்க முறை இன்றளவும் வைத்திய சாஸ்திரத்தில் இல்லை.

நிற்க. “அப்படியாயின் மேல்நாட்டார் கண்டு கூறிய முடிவுகளை நாம் ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது. சாஸ்திரத்துக்குத் தேசம் உண்டோ? ஏழை நாடாகிய நாம் ஏன் மறுபடியும் பணத்தைச் செலவிட வேண்டும்?” என்று கற்றோரிலேயே சிலர் வாதிக்கின்றனர். சாஸ்திரத்துக்குத் தேசமில்லை என்பது மெய்யே. ஆனால் குழந்தைக்குத் தேசம் உண்டு. அதைச் சுமந்த தாயின் உடம்புக்கும், அவள் உண்ட உணவுக்கும், அவளுக்கு வந்த காய்ச்சலுக்கும், அவள் ஏறிச் சென்ற வண்டிக்கும், போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கும் தேசம் உண்டு. இதற்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் கூறுவோம்.

பிறக்கும் நேரத்தில் மூச்சுத் தடைப்பட்டு மூளை கேடுற்ற சிசுவை, எழுபத்திரண்டு மணி நேரம் இயல்பான உடற்சூட்டுக்குக் குறைவாக, 33 அல்லது 34 டிகிரி சென்டிகிரேடு அளவில் குளிர்ச்சியாக வைத்திருந்தால், உயிரும் மூளையும் பிழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று செல்வ நாடுகளின் ஆராய்ச்சிகள் 2005-ம் வருஷம் முதல் காட்டின. அந்நாடுகளில் அதுவே முறையான சிகிச்சையாயிற்று. நமது ஆஸ்பத்திரிகள் பலவும் அதைக் கைக்கொள்ளத் தொடங்கின. பிறகு இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் ஏழு பெரிய ஆஸ்பத்திரிகளில் 408 சிசுக்களைக் கொண்டு அச்சிகிச்சை முறையாகப் பரீட்சிக்கப்பட்டது. நமது சென்னையும் அதில் பங்கு பெற்றது. 2021-ம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. குளிர்விக்கப்பட்ட சிசுக்களில் நூற்றுக்கு 42 மாண்டன. குளிர்விக்கப்படாமல் மற்றச் சிகிச்சைகளைப் பெற்ற சிசுக்களில் நூற்றுக்கு 31 மாண்டன. அங்கே உயிர் காத்த குளிர் இங்கே உயிர் வாங்கிற்று. நமது சிசுக்களின் மூளைக்கேடு பிரசவ வேளைக்கு முன்பே தொடங்கி நீடித்திருக்கலாம் என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், பரீட்சை நடவாதிருந்தால், இது மேல்நாட்டார் ஒப்பிய சிகிச்சை என்ற பெருமிதத்தோடு எத்தனை ஆஸ்பத்திரிகள் இதைப் பரப்பியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வாராய்ச்சிக்குத் தலைமை தாங்கியது லண்டன் மாநகரின் இம்பீரியல் கல்லூரி என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். அவர்கள் செய்தது நன்றிக்குரியது. ஆயினும் நமது தொட்டிலைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர் நாமன்றோ?

இரண்டாவது, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்கு அளிக்கும் ஸ்டீராய்டு ஊசி. நியூஜீலந்தில் ஆக்லந்து நகர வைத்தியர்களான லிக்கின்ஸ், ஹவி என்ற இருவரும் 282 தாய்மார்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியை 1972-ம் வருஷத்தில் வெளியிட்டனர். அவ்வூசி கருவிலுள்ள சிசுவின் நுரையீரலை விரைவில் முதிரச் செய்து உயிரைக் காக்கிறது என்பது அதில் வெளியாயிற்று. பிற்காலத்தில், இத்துணை மலிவான மருந்தை ஏழை நாடுகளின் கிராமங்களுக்கும் கொண்டுசெல்வோம் என்ற நல்லெண்ணத்துடன், இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் சுமார் ஒரு லட்சம் பிரசவங்களை உட்கொண்ட பரீட்சை நடந்தது. 2015-ம் வருஷத்தில் வெளியான அதன் முடிவு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. ஊசித் திட்டம் பரவிய இடங்களில் ஆயிரத்துக்கு 27.4 சிசுக்கள் மாண்டன; பரவாத இடங்களில் 23.9. கர்ப்பத்தின் மாதக் கணக்குச் சரிவரத் தெரியாமையால், குறைமாதப் பிரசவம் ஆகாத தாய்மார் பலருக்கும் ஊசி போடப்பட்டது. தாய்மாரிடையே நோய்க்கிருமித் தொற்றும் மிகுந்து காணப்பட்டது. அந்த மருந்து கெட்ட மருந்தா? அன்று. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், அல்ட்ராஸவுண்டு பரிசோதனையால் மாதக் கணக்கைத் தெளிவாக அறிந்து, தகுந்த ஆஸ்பத்திரிகளில் 2,852 தாய்மாரிடம் மீண்டும் பரீட்சித்தனர். 2020-ம் வருஷத்தில் வெளியான அம்முடிவில், ஊசி பெற்றோரின் சிசுக்களில் நூற்றுக்கு 19.6 மாண்டன, பெறாதோரின் சிசுக்களில் 23.5. ஒரே மருந்து, கையாண்ட இடமும் முறையும் வேறு, பலனும் நேர்மாறு. இதை எந்த மேல்நாட்டுப் புத்தகத்தைப் படித்து நாம் அறிந்திருக்க முடியும்?

இவ்வாறு கூறுவதால், அந்நியமானது அனைத்தும் தீது, நம்முடையது அனைத்தும் நன்று என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. அது சுதேசியமன்று, சோம்பல். நம் மண்ணில் கிடைத்த முடிவுக்கும் அதே உரைகல் உண்டு. மதுரை அரவிந்த் ஸ்தாபனத்தைச் சேர்ந்தோர் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதிகளில், பிறந்த உடனேயே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு அளித்துச் சுமார் 11,600 குழந்தைகளிடம் ஆராய்ந்தனர். 2003-ம் வருஷத்தில் அதன் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குள் நேரும் மரணம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது என்று கண்டனர். நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆயினும் ஹரியானாவிலும், ஆப்பிரிக்காவில் கானா, டான்ஸானியா நாடுகளிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகளைக் கொண்டு மறுபடியும் பார்த்தபோது, 2015-ம் வருஷத்தில் வெளியான முடிவுகள் வேறாயிருந்தன. ஹரியானாவில் சிறிது நன்மையின் சாயல் தென்பட்டது. அதுவும் உறுதியாகச் சொல்லத் தக்கதாயில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் நன்மையே காணப்படவில்லை. பிறந்த சிசுக்கள் அனைத்துக்கும் இதை அளிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சிபார்சு செய்யவில்லை. மதுரைக்காரர் சொன்னது பொய்யா? இல்லை. ஓரிடத்தின் உண்மை அவ்விடத்துக்கு உண்மை. அதை உலகுக்குப் பொதுவாக்கும் அதிகாரம், லண்டனுக்கு இல்லாததுபோலவே மதுரைக்கும் இல்லை.

நமது தேசத்து ஆராய்ச்சி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கட்சிரோலி காடடர்ந்த ஜில்லா, ஆதிவாசிகள் மிகுந்தது. அபய் பங், ராணி பங் என்ற வைத்தியத் தம்பதிகள் அமெரிக்காவில் உயர்தரக் கல்வி பெற்றுத் திரும்பி, பட்டணத்தில் பணம் சேர்க்காமல், அந்த ஜில்லாவில் குடியேறினர். கிராமங்களில் பிறந்த சிசுக்களை வீட்டிலேயே கவனித்தபோது, ஏறக்குறைய பாதிச் சிசுக்களுக்கு வைத்தியம் தேவைப்பட்டது. டாக்டரின் கண்ணில் பட்டவையோ நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. குழந்தை ஆஸ்பத்திரிக்கு வராது என்றால் வைத்தியம் குழந்தையிடம் போகட்டும் என்று அவர்கள் தீர்மானித்தனர். ஓரளவே எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, மூச்சடைத்த சிசுவை மூச்சுவிடச் செய்யவும், சிசுவுக்குச் சூடு குறையாமல் காக்கவும், இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவிய அறிகுறிகளைக் கண்டு உரிய மருந்தையும் ஊசியையும் அளிக்கவும் பழக்கினர். 39 கிராமங்களில் இம்முறை நடந்தது. 47 கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டன. ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த சிசு மரணம் மூன்று வருஷத்தில் 25 அளவுக்கு இறங்கிற்று. ஒப்பிடப்பட்ட கிராமங்களில் அத்தகைய இறக்கம் இல்லை. 1999-ம் வருஷத்தில் லான்ஸெட் என்ற புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகை இதை வெளியிட்டது. கட்டிடமில்லை, பெரும் யந்திரமில்லை, கிராமத்துப் பெண்ணின் கையும் கண்ணுமே மூலதனம்.

ஆனால் இவ்வெற்றிக்குப் பின் நடந்தது நமக்கு வெட்கத்தைத் தருவது. 1999-ல் உலகறிய நிலைநாட்டப்பட்ட இம்முறையைத் தழுவி, ஆஷா ஊழியர்கள் பிறந்த சிசுவை வீடுதேடிச் சென்று பார்க்கும் திட்டம் தேசமெங்கும் வகுக்கப்பட்டது 2011-ல். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு ஆறு முறையும், வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஏழு முறையும் செல்ல வேண்டும் என்பது விதி. விதி நன்றே. இடையில் கழிந்த பன்னிரண்டு வருஷங்கள் யாருடைய கணக்கில் எழுதப்படும்? தாமதம் நமக்கு மட்டும் உரிய நோயன்று. ஆக்லந்து வைத்தியர் 1972-ல் கூறியதை அமெரிக்க வைத்திய உலகம் பொதுவாக ஏற்றுக்கொள்ள 1994 ஆயிற்று. ஆனால் பிறர் தாமதித்தனர் என்பது மாண்ட குழந்தையின் தாய்க்கு ஆறுதலாகுமா? ஆராய்ச்சியின் முடிவு அச்சேறியதும் கடமை தீர்ந்துவிடுவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது.

இனிச் சம்மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்மீது பரீட்சை நடத்தினால் அவர் வேண்டாம் என்று சொல்லலாம். சிசு பேசாது. அதற்காகப் பேசும் தாயோ பிரசவ வேதனையிலும் பயத்திலும் இருப்பவள். தர்ம ஆஸ்பத்திரியின் வெள்ளை உடுப்பைக் கண்டதும், கேட்டால் கோபிப்பாரோ, கேளாவிட்டால் குழந்தைக்குத் தீங்காகுமோ என்று நடுங்குபவள். அவளுடைய கைரேகையைக் காகிதத்தில் பெற்றுக்கொள்வது சம்மதமாகாது. அவளுடைய பாஷையில், அவளுக்கு விளங்கும்படி, இது பரீட்சை என்றும், மறுத்தாலும் சிகிச்சையில் குறைவு வாராது என்றும் கூறி, யோசிக்க அவகாசம் கொடுத்துப் பெறுவதே சம்மதம். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் 2017-ம் வருஷத்திய நெறிமுறைகள் இதை வற்புறுத்துகின்றன. 2019-ம் வருஷத்தில் சர்க்கார் வகுத்த மருந்துப் பரீட்சை விதிகளும் இருக்கின்றன. பரீட்சைகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேடு 2007 முதல் இருந்து வருகிறது. அது யாவரும் பார்க்கத் திறந்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதைப் படித்துத் தாயின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்போர்தாம் இல்லை.

இவ்விடத்தில்தான் தேச ஊழியர்களுக்கு வேலை இருக்கிறது. ஏதேனும் ஒரு பரீட்சையில் குழந்தை மாண்டது என்று கேள்வியுற்றதும், ஏழைகளைக் கொல்லுகிறார்கள் என்று கோஷமிட்டு ஆராய்ச்சியையே ஒழிக்கச் சொல்வது எளிது. அதனால் தப்புவது குற்றவாளியன்று, அறியாமையே. பரீட்சை இல்லாமல் அளிக்கப்படும் சிகிச்சையும் ஒரு பரீட்சைதான். கணக்கு வைக்காத பரீட்சை, யாரும் பதில் சொல்லக் கடமைப்படாத பரீட்சை. ஆகவே ஆராய்ச்சி வேண்டாம் என்பதன்று நமது கோரிக்கை. நேர்மையான ஆராய்ச்சி வேண்டும், நமது கேள்விகளுக்கு வேண்டும், அதன் பலன் ஏழைத் தாயிடம் வந்து சேர வேண்டும் என்பதே.

சிசுவைக் காக்கும் அறிவு செல்வத்தில்தான் பிறக்கும் என்பதும் மெய்யன்று. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், 1978-ம் வருஷத்தை ஒட்டி, குறைமாதக் குழந்தைகளை வைக்கச் சூடேற்றும் பெட்டிகள் போதாமையால், தாயின் மார்போடு தோலும் தோலும் படக் குழந்தையைக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினர். இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து, பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று 3,211 சிறு குழந்தைகளிடம் ஆராய்ந்தன. 2021-ல் வெளியான முடிவில், பெட்டியில் வைத்துத் தேறிய பின் தாயிடம் தரப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 15.7 மாண்டன, உடனே தாயின் மார்பில் சேர்க்கப்பட்டவற்றில் 12. தாய் வாசலிலும் குழந்தை கண்ணாடிக்குள்ளும் இருக்கும் வழக்கத்தை ஆஸ்பத்திரிகள் விட்டொழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

எனவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, சிசு ஆராய்ச்சிக்குச் சர்க்கார் வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு வேண்டும். அவ்வாராய்ச்சி மருத்துவக் கல்லூரிகளோடு நில்லாமல் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் கிராமங்களிலும் நடக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பரீட்சையின் முடிவும், நல்லதாயினும் பொல்லாததாயினும், தமிழிலும் மற்ற தேச பாஷைகளிலும் ஜனங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். மூன்றாவது, நிலைநாட்டப்பட்ட முறை இத்தனை காலத்துக்குள் கிராமத்துக்கு வந்து சேர வேண்டும் என்று வரம்பு விதித்து, தவறினால் மந்திரி சட்டசபையில் பதில் கூற வேண்டும். நான்காவது, சிசு சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றிலும் தாய்க்குக் குழந்தையின் அருகில் ஒரு கட்டில் போட வேண்டும்.

1947-ல் நமது நாட்டை நாமே ஆளும் உரிமை பெற்றோம். நமது குழந்தைகள் ஏன் மடிகின்றன என்பதை நாமே கேட்டு, நாமே கண்டறிந்து, கண்டறிந்ததை நாமே கடைத்தெருவுக்கும் காட்டுக்கும் கொண்டுசெல்லும் நாளில்தான் அவ்வுரிமை தொட்டில்வரை வந்து சேரும். தலைவர்களுக்குச் சிலை எடுக்க நிதி திரட்டும் ஊர்களில், சென்ற வருஷம் ஒரு மாதம் நிறையுமுன் மாண்ட குழந்தைகள் எத்தனை, எதனால் மாண்டன என்று கேட்டு ஒரு பட்டியல் எழுத ஓர் ஊழியர் முன்வரட்டும். ஆராய்ச்சியின் முதல் ஏடு அதுவே. அதை எழுத எந்த அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.